கெஃபியா: கழுத்தில் ஒரு துணி, அதைச் சுற்றி இவ்வளவு சண்டை ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கெஃபியா என்பது அரபு மக்கள், குறிப்பாகப் பாலஸ்தீனர்கள், தலையிலும் கழுத்திலும் கட்டும் துணி. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே இரண்டு கேள்விகள் வந்து விழும். "தீவிரவாதிகள் கட்டுவதுதானே அது?" என்பது ஒன்று. "வெறும் ஸ்கார்ஃப்தானே, இதற்குப் போய் ஏன் இத்தனை கலாட்டா?" என்பது இன்னொன்று. முதல் கேள்வி ஒரு மக்கள் கூட்டத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது, இரண்டாவது அந்த மக்களே இல்லாததுபோல் பேசுகிறது. எனக்கு இரண்டிலும் உடன்பாடு கிடையாது. ஏன் என்பதைத்தான் கீழே கேள்வி கேள்வியாகச் சொல்கிறேன்.

2008-ல் ஒரு காபி விளம்பரத்தால் சண்டை வந்தது என்கிறார்களே, என்ன நடந்தது?

அமெரிக்காவின் பெரிய காபிக்கடை நிறுவனங்களில் ஒன்று டங்கின் டோனட்ஸ். 2008 மே மாதம் ஐஸ் காபிக்காக இணையத்தில் ஒரு விளம்பரம் விட்டார்கள். தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளால் பிரபலமான ரேச்சல் ரே கையில் காபியோடு நிற்பார், கழுத்தில் கறுப்பு வெள்ளையில் ஒரு ஸ்கார்ஃப், ஓரத்தில் குஞ்சம். மொத்த விளம்பரமே அவ்வளவுதான். காபியைத் தவிர வேறு எதைப் பற்றியும் அதில் பேச்சே இல்லை.

மிஷெல் மால்கின் என்ற வலதுசாரிப் பத்தி எழுத்தாளரும் அவர் பக்கத்து வலைப்பதிவர்கள் சிலரும் அந்த ஸ்கார்ஃபைப் பிடித்துக்கொண்டார்கள். இது கெஃபியா மாதிரி இருக்கிறது, கெஃபியா என்பது கொலைகார பாலஸ்தீன ஜிகாதின் அடையாளமாக ஆகிவிட்டது, ஒரு அமெரிக்க நிறுவனம் இதைக் காட்டலாமா என்று எழுதினார் மால்கின். வாடிக்கையாளர்கள் கடையைப் புறக்கணிக்க வேண்டும் என்ற பேச்சும் கிளம்பியது. கொஞ்ச நாளிலேயே நிறுவனம் விளம்பரத்தை எடுத்துவிட்டது. அது மாங்காய் டிசைன் போட்ட பட்டு ஸ்கார்ஃப், படப்பிடிப்புக்காக ஸ்டைலிஸ்ட் தேர்ந்தெடுத்தது, எந்த அடையாளமும் மனதில் இல்லை, ஆனாலும் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருப்பதால் நிறுத்துகிறோம் என்று விளக்கமும் கொடுத்தார்கள்.

அப்படியென்றால் அது கெஃபியாவே இல்லையா?

இல்லை. கெஃபியா பருத்தியில் நெய்வது. சதுரத் துணி, நடுவில் வலைப்பின்னல் போன்ற வடிவம், ஓரத்தில் தடித்த கோடுகள், இலை இலையாக ஓடும் வளைவுகள். நல்ல கெஃபியாவை விரலால் தடவிப் பார்த்தால் கறுப்பு நூல் மேலே புடைத்துக்கொண்டு நிற்பது தெரியும், ஏனென்றால் அந்த வடிவம் அச்சடித்தது இல்லை, நெய்யும்போதே விழுவது. விளம்பரத்தில் இருந்ததோ பட்டு, அதில் மாங்காய் டிசைன். பாரசீகத்திலும் காஷ்மீர் சால்வைகளிலும் வளர்ந்து ஐரோப்பாவுக்குப் போன வடிவம் அது. நிறமும் குஞ்சமும்தான் இரண்டுக்கும் பொது.

ஆனால் இந்தப் பதிலோடு விட்டுவிடக் கூடாது. "அது கெஃபியாவே இல்லை, அதனால் கோபம் தேவையில்லாதது" என்று அன்று பலர் வாதாடினார்கள். அப்படிச் சொன்னால், கெஃபியாவாக இருந்திருந்தால் கோபம் நியாயம்தான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அது நிஜமான கெஃபியாவாகவே இருந்திருந்தாலும் ஒரு பெண் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காபி குடிப்பதில் தப்பு எங்கே இருக்கிறது? இதைக் கேட்டவர்கள் அன்று மிகக் குறைவு.

கெஃபியா யாருடைய உடை?

அரபு நாடுகளில் வெயிலிலும் புழுதியிலும் வேலை செய்கிறவர்களின் தலைத்துணி. நிலத்தில் உழுகிற விவசாயியும் ஆடு ஒட்டகம் மேய்க்கிற பெதூயினும் கட்டினார்கள். தலைமேல் போட்டு, நழுவாமல் இருக்க அகால் என்ற கறுப்புக் கயிற்று வளையத்தை வைப்பார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும்: ஹத்தா, ஷெமாக், குத்ரா. ஈராக், ஜோர்டான், சவூதி, சிரியா எங்கும் ஏதோ ஒரு வடிவில் உண்டு. குர்துகளும் கட்டுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பலருக்குத் தெரியாதது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலஸ்தீனத்துக்கு வந்து குடியேறிய யூத இளைஞர்களும் இதைக் கட்டினார்கள். ஹஷோமர் என்ற யூதக் காவல் அமைப்பினரின் பழைய படங்களில் கெஃபியா சர்வசாதாரணம். பிறகு பல்மாக் என்ற யூதப் படையினரும் கழுத்தில் சுற்றிக்கொண்டார்கள். அந்த மண்ணின் வெயிலுக்கு அந்த மண்ணின் துணி. அப்போது அது யாரையும் பயமுறுத்தவில்லை.

அரசியல் எப்போது ஏறியது?

1936 முதல் 1939 வரை பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகப் பாலஸ்தீன அரபுகள் நடத்திய கிளர்ச்சியில். என்னைக் கேட்டால் இந்தத் துணியின் கதையில் மிக முக்கியமான இடம் இதுதான், ஆனால் சர்ச்சை வரும்போதெல்லாம் யாருமே இவ்வளவு தூரம் பின்னால் போவதில்லை.

அன்றைய பாலஸ்தீனத்தில் தலையைப் பார்த்தே ஆளை எடைபோட்டுவிடலாம். பட்டணத்துப் படித்தவர்கள், அதிகாரிகள், வசதியானவர்கள் தர்பூஷ் வைப்பார்கள், அதாவது துருக்கிக் குல்லாய். கெஃபியா கட்டினால் பட்டிக்காட்டான் என்று பொருள். கிளர்ச்சியில் ஆயுதம் ஏந்தியவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஆட்கள்தான். அவர்கள் பட்டணத்துக்குள் வந்தால் தலைத்துணியே காட்டிக்கொடுத்துவிடும், பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பிடிப்பது சுலபம். அதனால் 1938-ல் கிளர்ச்சித் தலைமை ஒரு உத்தரவு போட்டது: பட்டணத்து ஆண்கள் எல்லோரும் தர்பூஷைக் கழற்றிவிட்டு கெஃபியா கட்ட வேண்டும். கொஞ்ச நாளிலேயே ஜெருசலேம், யாஃபா, ஹைஃபா தெருக்களில் வக்கீலும் கடைக்காரரும் குமாஸ்தாவும் விவசாயியின் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு நடந்தார்கள். போராளி யார், பொதுமகன் யார் என்று பிரிக்க முடியவில்லை.

எல்லோரும் மனமொப்பிக் கட்டினார்கள் என்று சொல்லிவிட முடியாது, கட்டாயமும் இருந்தது. ஆனாலும் பட்டணத்தானும் பட்டிக்காட்டானும் ஒரே துணிக்குள் வந்தது அந்தச் சமூகத்தில் சின்ன விஷயம் இல்லை. கிளர்ச்சி அடக்கப்பட்ட பின் பலர் தர்பூஷுக்கே திரும்பினார்கள். ஆனால் "நாங்கள் ஒரே மக்கள்" என்று அந்தத் துணி ஒருமுறை சொல்லிவிட்டது, அது மறந்துபோகவில்லை.

அராஃபத்தால்தானே இது உலகத்துக்குத் தெரிந்தது?

உலகம் முழுக்கக் கொண்டுபோனவர் அவர்தான். 1969-ல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைவரானதிலிருந்து 2004-ல் இறக்கும் வரைக்கும் யாசர் அராஃபத்தைக் கறுப்பு வெள்ளைக் கெஃபியா இல்லாமல் பார்ப்பது அபூர்வம். 1974 நவம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் பேசியபோதும் அதுதான், 1994-ல் நோபல் அமைதிப் பரிசு வாங்கிய காலத்திலும் அதுதான். வலது தோளில் நீளமாக ஒரு முக்கோணம் விழும்படி மடித்துவிடுவார். பாலஸ்தீன நிலப்படத்தின் வடிவம் அது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நம் ஊரில் தோளில் கிடக்கும் துண்டின் நிறத்தை வைத்தே எந்தப் பக்கத்து ஆள் என்று சொல்லிவிடுகிறோம், அந்தத் துண்டால்தான் வயலில் வேர்வையும் துடைக்கிறார்கள். கெஃபியாவும் அப்படித்தான். அடையாளமாகிவிட்டதால் அது அன்றாடத் துணி இல்லை என்று ஆகிவிடாது.

கறுப்பு வெள்ளைக்கும் சிவப்பு வெள்ளைக்கும் என்ன வித்தியாசம்?

பொதுவாகக் கறுப்பு வெள்ளை பாலஸ்தீனம், சிவப்பு வெள்ளை ஜோர்டான். ஜோர்டானில் கிளப் பாஷா என்ற பிரிட்டிஷ் அதிகாரியின் கீழ் இருந்த அரபுப் படையின் சீருடையோடு சிவப்பு பிரபலமானது. வளைகுடா நாடுகளிலும் சிவப்பு வெள்ளை சாதாரணம். பாலஸ்தீனத்துக்குள்ளேயே அராஃபத்தின் ஃபத்தா கட்சியைக் கறுப்போடும் இடதுசாரி இயக்கங்களைச் சிவப்போடும் சேர்த்துப் பார்க்கும் பழக்கமும் உண்டு. ஆனால் நிறத்தை வைத்து ஒருவரின் கட்சியை முடிவு செய்யாதீர்கள். வீட்டில் அப்பா விட்டுப்போனது எந்த நிறமோ அதைக் கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

வலைப்பின்னலுக்கு மீன்வலை, வளைவுக்கு ஆலிவ் இலை என்றெல்லாம் சொல்கிறார்களே?

மீன்வலை கடலைக் குறிக்கும், இலைகள் ஆலிவ் மரத்தை, தடித்த கோடுகள் பழைய வணிகப் பாதைகளை என்று இன்று பரவலாகச் சொல்கிறார்கள். பிற்காலத்தில் மக்கள் கொடுத்த விளக்கம் இது. அதனால் மதிப்புக் குறைந்ததென்று சொல்ல மாட்டேன். ஆலிவ் மரத்தையும் கடலையும் விட்டுப் பிரிந்தவர்கள் அவற்றைத் துணியில் தேடுவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆயுதம் ஏந்தியவர்களும் கட்டினார்களே, அதைப் பார்த்து ஒருவர் பயப்பட்டால் தப்பா?

நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஆமாம், கட்டினார்கள். 1969-ல் விமானத்தைக் கடத்திய குழுவில் இருந்த லைலா காலித், தலையில் கெஃபியாவும் கையில் துப்பாக்கியுமாக நிற்கும் படம் உலகம் முழுக்கப் போனது. அதற்குப் பிறகு நடந்த தாக்குதல்கள் பலவற்றின் படங்களிலும் முகத்தை மூடிய கெஃபியா உண்டு. குண்டுவெடிப்பில் சொந்தக்காரரைப் பறிகொடுத்த ஒரு யூதக் குடும்பத்துக்கு இந்தத் துணியைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும் என்றால், அந்த உணர்வைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. அது உண்மையான வலி.

அந்த வலியிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. கோடிக்கணக்கானவர்கள் கட்டும் ஒரு உடையைச் சில ஆயிரம் பேரும் கட்டினார்கள் என்பதற்காக அது அந்தச் சில ஆயிரம் பேரின் சீருடை ஆகிவிடாது. துப்பாக்கி ஏந்தியவர் கட்டிய அதே துணியைத்தான் அவருடைய தாத்தா ஆலிவ் பறிக்கக் கட்டினார், பக்கத்து வீட்டு ஆசிரியர் பள்ளிக்கூடத்துக்குக் கட்டினார், மாப்பிள்ளை கல்யாணத்தில் கட்டினார். என் பயம் எனக்கு உண்மை. ஆனால் அந்தப் பயத்தைக் காட்டி இன்னொருவரின் உடையைக் கழற்றச் சொல்ல எனக்கு உரிமை வந்துவிடாது.

பயம் எதிர்ப்பக்கத்திலும் இருக்கிறது. 2023 நவம்பர் 25-ல் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலம் பர்லிங்டனில், பாலஸ்தீனப் பின்னணி கொண்ட மூன்று கல்லூரி மாணவர்கள் தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தபோது ஒருவர் துப்பாக்கியால் சுட்டார். மூவருமே இருபது வயதுப் பையன்கள், இரண்டு பேர் கழுத்தில் கெஃபியா. ஒரு மாணவருக்கு முதுகுத்தண்டில் குண்டு பாய்ந்து மார்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. "இந்தத் துணி என்றால் தீவிரவாதம்" என்று ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தால் அதைக் கட்டியவரைத்தான் ஆபத்தில் கொண்டுபோய் நிறுத்தும். விளம்பரச் சர்ச்சைகளை நான் அற்ப விஷயமாகப் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

அப்போது அந்த நிறுவனம் விளம்பரத்தை எடுத்தது தவறா?

தவறு என்றுதான் சொல்வேன். வியாபாரக் கணக்கில் அது சுலபமான வழி, புரிகிறது. ஒரு காபி விளம்பரத்துக்காக யார் மல்லுக்கட்டுவார்கள்? ஆனால் "தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு" என்று சொன்னார்களே, அதில் எது தவறான புரிதல் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. ஸ்கார்ஃபைக் கெஃபியா என்று நினைத்ததா, கெஃபியாவைத் தீவிரவாதம் என்று நினைத்ததா? ஒரே ஒரு வாக்கியம் போதும்: "இது கெஃபியா இல்லை, இருந்திருந்தாலும் அது கோடிக்கணக்கான மக்களின் உடை." அதைச் சொல்லாமல் பின்வாங்கியதால், அமெரிக்காவில் வாழும் அரபு மக்களுக்குக் கேட்டது ஒன்றுதான்: உங்கள் தாத்தாவின் தலைத்துணியைப் போல ஏதோ ஒன்று தெரிந்தாலே எங்களுக்குச் சங்கடம். இதைச் சரியாகச் சொன்னவர்களை அன்று யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஃபேஷன் கடைகள் தாராளமாக விற்றார்களே, அது நல்லதுதானே?

இங்கேதான் கதையின் மறுபாதி. 2007 ஜனவரியில் அர்பன் அவுட்ஃபிட்டர்ஸ் என்ற அமெரிக்கத் துணிக்கடை நிறுவனம் கெஃபியாவை "போர் எதிர்ப்பு ஸ்கார்ஃப்" என்று பெயர் மாற்றி விற்றது. புகார் வந்ததும் எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு பலென்சியாகா தன் ஃபேஷன் ஷோவில் கெஃபியா பாணியை மேடையேற்றியது, அதற்கப்புறம் நியூயார்க்கிலிருந்து டோக்கியோ வரை கழுத்துக்குக் கழுத்து அதுதான். 2017-ல் டாப்ஷாப் அதே வடிவத்தில் ஒரு குட்டை உடை கொண்டுவந்து, எதிர்ப்பு வந்ததும் விலக்கிக்கொண்டது. 2021-ல் லூயி வியூட்டன் கெஃபியா மாதிரியே ஒரு நீல வெள்ளைத் துணிக்கு 705 டாலர் விலை வைத்தது, அதுவும் காஸா மீது குண்டுவீச்சு நடந்து கொஞ்ச நாளே ஆகியிருந்த நேரத்தில். திட்டு வாங்கிய பிறகு அவர்கள் தளத்திலிருந்து காணாமல் போனது.

இவற்றிலெல்லாம் எனக்கு உறுத்துவது விலைகூட இல்லை. துணியை எடுத்துக்கொண்டு அதன் சொந்தக்காரர்களைக் கழற்றிவிடுகிறார்களே, அதுதான். பெயரை மாற்று, ஊரைச் சொல்லாதே, நெய்தவனைச் சொல்லாதே, யாராவது கேட்டால் "வெறும் டிசைன்" என்று சொல். மால்கின் போன்றவர்கள் அந்த மக்களைத் தீவிரவாதி ஆக்கினார்கள், இவர்கள் அந்த மக்களை இல்லாமலே ஆக்கினார்கள். பிரச்சினை வந்தால் இரு தரப்பாரும் துணியைத் தூக்கி உள்ளே வைத்துவிடுகிறார்கள், பாலஸ்தீனரிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

அமெரிக்கச் சிப்பாய்களும் கட்டுவதைப் படத்தில் பார்த்தேனே?

ஆமாம், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் புழுதிக்கும் வெயிலுக்கும் ஷெமாக் கட்டினார்கள். பிரிட்டிஷ் படையினர் அதற்கும் வெகு காலத்துக்கு முன்பிருந்தே கட்டுகிறார்கள். ராணுவப் பொருள் விற்கும் கடைகளில் இன்றும் கிடைக்கும். அதற்கு எந்த வலைப்பதிவரும் கொதித்ததில்லை, யார் கட்டுகிறார் என்பதைப் பார்த்துத்தான் கொதிப்பு வருகிறது.

ஜெர்மனியில் இன்னும் விசித்திரம். எழுபது எண்பதுகளில் இடதுசாரி மாணவர்களின் அடையாளமாக இருந்ததைப் பிற்பாடு நவநாஜிகளில் சிலரும் எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்கள். கட்டியவரைப் பார்க்காமல் துணியை மட்டும் பார்த்துப் பொருள் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

2023-க்குப் பிறகு எங்கெல்லாம் தடை வந்தது?

2023 அக்டோபர் 7-ல் இஸ்ரேல்மீது ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்கும் காஸா போருக்கும் பிறகு நிறைய இடங்களில். சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

அந்த அக்டோபரிலேயே பெர்லின் கல்வித் துறை, பள்ளிகள் விரும்பினால் கெஃபியாவைத் தடுக்கலாம் என்று கடிதம் அனுப்பியது. 2024 ஏப்ரலில் கனடாவின் ஒண்டாரியோ சட்டமன்றத்தில் சபாநாயகர் டெட் ஆர்னாட் தடை போட்டது வெளியே தெரிந்தது. அரசியல் கருத்தை வெளிப்படையாகச் சொல்லும் உடைக்கு அவையில் இடமில்லை என்பது அவர் வாதம். ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் முதல்வர் டக் ஃபோர்டே தடை வேண்டாம் என்றார், எதிர்க்கட்சித் தலைவர்களும் அதையேதான் சொன்னார்கள். புதிய ஜனநாயகக் கட்சியின் மாரிட் ஸ்டைல்ஸ், சீக்கியரின் கிர்பான் குறுவாளையும் ஸ்காட்லாந்து ஆண்களின் கில்ட் பாவாடையையும் உக்ரேனியப் பூத்தையல் சட்டையையும் இதே அவை அனுமதித்திருக்கிறதே என்று கேட்டார். தடையை நீக்க அவையில் ஏகமனதான சம்மதம் வேண்டும், ஒன்றிரண்டு உறுப்பினர்கள் மறுத்ததால் அது நடக்கவில்லை. சாரா ஜாமா என்ற உறுப்பினர் கெஃபியாவைக் கழற்ற மறுத்தார், வெளியேறும்படி சபாநாயகர் உத்தரவிட்டார். மே மாதம் கட்டடத்துக்குள் கட்டலாம், அவைக்குள் மட்டும் கூடாது என்று தளர்த்தினார்கள். அதே மே மாதம் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலச் சட்டமன்றத்திலும் கிட்டத்தட்ட இதே கதைதான் நடந்தது.

எனக்கு ரொம்ப வலித்தது நியூயார்க் நொகுச்சி அருங்காட்சியக விவகாரம். சிற்பி இசாமு நொகுச்சி தொடங்கிய இடம் அது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்தபோது, கட்டாயம் இல்லாமலே தானாக ஒரு முகாமுக்குள் போய் அந்த மக்களோடு இருந்தவர் அவர். அவர் பெயரில் இருக்கும் இடத்தில் 2024 ஆகஸ்டில் ஊழியர்கள் கெஃபியா கட்டக் கூடாது என்று விதி கொண்டுவந்து, கேட்காத மூன்று பேரைச் செப்டம்பரில் வேலையை விட்டே அனுப்பினார்கள். அந்த ஆண்டு நொகுச்சி விருதுக்குத் தேர்வாகியிருந்த எழுத்தாளர் ஜும்பா லாஹிரி, விதியைக் காரணம் காட்டி விருதே வேண்டாம் என்றுவிட்டார்.

அதே ஆண்டு மே மாதம் ஸ்வீடனில் யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் தொடக்க நிகழ்ச்சியில் பாலஸ்தீனப் பின்னணி கொண்ட பாடகர் எரிக் சாடே மணிக்கட்டில் கெஃபியா கட்டிப் பாடினார், நடத்தியவர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். சின்ன வயதில் அப்பா கொடுத்த துணி இது, குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதை மறக்காமல் இருக்க என்று அவர் பதில் சொன்னார். டிசம்பரில் வத்திக்கானில், பெத்லகேம் கலைஞர்கள் உருவாக்கிய குடிலில் குழந்தை இயேசு கெஃபியா விரித்த தொட்டிலில் படுத்திருந்தார். சில நாளில் குழந்தையும் துணியும் அங்கே இல்லை.

எல்லா அரசியல் அடையாளத்தையும் பொதுவாகத் தடுத்தால் நடுநிலைதானே?

நிஜமாகவே எல்லாவற்றையும் தடுத்தால் அது ஒரு நிலைப்பாடு, மதிக்கலாம். நீதிமன்றம், தேர்தல் சாவடி போன்ற இடங்களில் அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. ஆனால் நடைமுறையில் விதி பொதுவாக எழுதப்பட்டு ஒரே துணிமேல் போய் விழுகிறது. நேற்றுவரை உக்ரைன் கொடி நிறத்தில் பேட்ஜ் குத்த அனுமதித்த அலுவலகம் இன்றைக்குக் கெஃபியாவுக்கு மட்டும் நடுநிலை பேசினால் அந்த நடுநிலையை எப்படி நம்புவது? அதோடு, ஒரு இனத்தின் பாரம்பரிய உடையை அரசியல் என்று வகைப்படுத்துவதே ஒரு அரசியல் முடிவுதான். தடை போடுகிறவர் சண்டையிலிருந்து ஒதுங்கி நிற்பதாக நினைக்கிறார், ஆனால் அப்போதே ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறார்.

இந்தியாவில் இப்படி ஏதாவது?

பை விவகாரம் நினைவிருக்கும். 2024 டிசம்பர் 16-ல் பிரியங்கா காந்தி நாடாளுமன்றத்துக்கு "பாலஸ்தீன்" என்று எழுதிய கைப்பையோடு வந்தார். அதில் தர்ப்பூசணித் துண்டும் இருந்தது, பாலஸ்தீனக் கொடியின் நிறங்கள் எல்லாம் அந்தப் பழத்தில் இருப்பதால் அதுவும் ஓர் அடையாளம். பாஜகவினர் கண்டித்தார்கள். நான் என்ன அணிய வேண்டும் என்று யார் முடிவு செய்வது, இது ஆணாதிக்கம் என்றார் அவர். மறுநாளே வங்கதேசத்து இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் ஆதரவான வாசகத்தோடு இன்னொரு பை. நாலைந்து நாளில் பாஜக எம்.பி. அபராஜிதா சாரங்கி, சீக்கியர் படுகொலையை நினைவூட்டும் "1984" என்று எழுதிய பையைப் பிரியங்காவிடம் கொடுத்தார். ஆக எல்லோரும் பையிலேயே பேசினார்கள், யாரும் யாரையும் பையோடு வெளியே போகச் சொல்லவில்லை. எனக்கு இது தடையைவிட எவ்வளவோ ஆரோக்கியமாகத் தெரிகிறது.

2025 ஏப்ரலில் மதுரையில் நடந்த மார்க்சிஸ்ட் கட்சியின் அகில இந்திய மாநாட்டில் பிரதிநிதிகள் கெஃபியா அணிந்து பாலஸ்தீனத்துக்கு ஆதரவு தெரிவித்தார்கள்.

பாலஸ்தீனர் அல்லாத நான் கட்டலாமா?

கட்டலாம். பாலஸ்தீனர்களில் பெரும்பாலோர் சந்தோஷப்படுவார்கள், ஆதரவாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் என்ன கட்டியிருக்கிறீர்கள் என்று தெரிந்து கட்டுங்கள். யாராவது கேட்டால் "சும்மா ஃபேஷன்" என்று நழுவாமல் ஊர் பெயரைச் சொல்லுங்கள். அந்த அளவுக்கு விருப்பமில்லை என்றால் வேறு ஆயிரம் ஸ்கார்ஃப் இருக்கிறது. பெண்கள் கட்டலாமா என்றும் கேட்கிறார்கள். முன்பு ஆண்களின் உடை, இன்று பாலஸ்தீனப் பெண்களே தாராளமாகக் கட்டுகிறார்கள்.

வாங்கினால் எங்கே தயாரானது வாங்குவது?

பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில் உள்ள ஹெப்ரோன் நகரில் ஹிர்பாவி என்ற ஆலை இருக்கிறது, 1961-ல் யாசர் ஹிர்பாவி தொடங்கியது. ஜப்பானின் சுசுகி தறிகள், பழைய இயந்திரங்கள், ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாத அளவுக்குச் சத்தம். தொண்ணூறுகளில் சீனாவிலிருந்து மலிவான துணி வந்து குவிந்ததும் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன, பாலஸ்தீனத்தின் கடைசிக் கெஃபியா ஆலை என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது. உலகமே கெஃபியா கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் நெய்தவர்கள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2023-க்குப் பிறகு தேவை கூடி ஆர்டர் குவிந்தது. முடிந்தால் பாலஸ்தீனத்தில் நெய்ததை வாங்குங்கள். வடிவம் நெய்ததா அச்சடித்ததா என்று துணியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அச்சு என்றால் பின்னால் வெளிறிக் கிடக்கும்.

அலுவலகத்தில் கழற்றச் சொன்னால் என்ன செய்வது?

அங்கேயே வாக்குவாதம் வேண்டாம். விதி எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். எல்லா அடையாளங்களுக்கும் பொருந்துமா, இதற்கு முன் யாருக்குப் பொருத்தியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கூட வேலை செய்கிறவர் யாராவது பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், முடிந்தால் அவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள், மேலதிகாரி வழியாகப் போவதைவிட அது நல்லது. அதற்கப்புறமும் விதி உங்கள் ஒருவருக்கு மட்டும்தான் என்று தெரிந்தால் தொழிற்சங்கத்திடமோ வக்கீலிடமோ போங்கள்.